பொழுது சாய்வதற்குள்

பெட்டியில் கிடத்தியிருந்த அப்பாவின் சட்டைக் கழுத்துப் பொத்தானைப் பெரியவள் போட்டுக்கொண்டிருந்தபோது, தங்கை மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

"என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாராக்கா?"

"ஒண்ணும் சொல்லல. கால் பக்கம் போர்வைய இழுத்து விடு."

பொய். ஞாயிறு பள்ளியில் இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லித் தருகிறவள் வாயிலிருந்து அது கூசாமல் வந்தது.

அப்பா பூட்டு ரிப்பேர்க்காரர். வேதத்தில் எத்தனையோ வசனம் இருக்க, ஒன்றைத்தான் உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டார்: பொழுது சாய்வதற்குள் கோபத்தை விட்டுவிட வேண்டும். ஐந்தரைக்குக் கடையை மூடுவார். அன்றைக்கு யாரோடு முறைத்துக்கொண்டாரோ அவர் வீட்டுக்கு நேரே நடப்பார். ஊரில் அவருக்கு 'அஞ்சரை' என்றே பெயர். அவர் வந்து உட்கார்ந்து பேசுவது பிடித்துப்போய், கறிக்கடைக்காரர் வேண்டுமென்றே வம்புக்கு இழுக்கிறார் என்று ஒரு கேலியும் உண்டு.

ஆனால் பாதி மாலைகள் தங்கைக்குத்தான் போயின. அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம், அப்பாவுக்கும் அப்படியே. காலையில் எலியும் பூனையும். மாலையில் இரண்டு தெரு தள்ளி அவள் வீட்டில் டீயும் சிரிப்பும். அப்பாவைக் கூடவே வைத்துச் சோறு போட்டவள், சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தவள், ஒரு சுடுசொல் சொல்லாதவள் பெரியவள். அவளோடு சமாதானம் பேச அப்பாவுக்கு ஒரு நாளும் வேலை வரவில்லை. அவர் தெருமுனை திரும்புவதை ஜன்னலில் நின்று பார்ப்பாள். வயிறு எரியும். கூடப்பிறந்தவள்மேல் பொறாமைப்படுகிறோமே என்று ஜெபத்தில் அழுவாள். மறுநாள் ஐந்தரைக்கு மறுபடி எரியும்.

நேற்றுக் காலை, நெஞ்சுவலியோடு ஏன் கடை திறந்தார் என்று தங்கை போய்க் கத்தினாள். "இனிமே என் கடை வாசல மிதிக்காத" என்று அவரும் கத்தினார். மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியில், பெரியவளின் கையைப் பிடித்தார். கடைசியாகத் தனக்கென்று ஒரு வார்த்தை வரும் என்று அவள் குனிந்தாள்.

"சின்னவகிட்ட எனக்குக் கோபமில்லன்னு சொல்லும்மா. பொழுது சாயறதுக்குள்ள சொல்லிடு."

அவ்வளவுதான். தங்கை ஓடி வருவதற்குள் கண் மூடிவிட்டார். நேற்றைய பொழுது சாய்ந்தது. பெரியவள் சொல்லவில்லை.

பெட்டியை மூடும்போது, "என்கூட பேசாமலே போயிட்டீங்களேப்பா" என்று தங்கை அலறினாள். பெரியவளுக்கு உள்ளே ஒரு மூலையில் இதமாக இருந்தது. அது அவளையே பயமுறுத்தியது. கல்லறையில் போதகர் அப்பாவின் அந்த ஒற்றை வசனத்தைத்தான் வாசித்தார். அவள் நிமிரவே இல்லை.

வீடு திரும்பி முகம் கழுவியபோது மணி ஐந்தரை. கால் தானாக ஜன்னலுக்குப் போனது. தெருமுனையில் யாரும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அவளே நடந்தாள்.

தங்கை அடுப்படியில் இருந்தாள். மேஜையில் பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளர் டீ.

"அப்பா சொன்னாரு," என்றாள் பெரியவள், வாசலிலேயே நின்று. "உம்மேல கோபமில்லயாம். நேத்தே சொல்லச் சொன்னாரு. நான்தான் சொல்லல."

"ஏன்?"

"எனக்குன்னு அவரு ஒரு வார்த்தையும் சொல்லல. அதான்."

தங்கை கையிலிருந்த கரண்டியை விட்டெறிந்தாள். "ராத்திரி பூரா செத்துப் பொழச்சேன்! நீயெல்லாம் ஒரு அக்காவா? பைபிள தூக்கிட்டு அலைஞ்சா போதுமா?"

"போதாதுதான்."

வாழ்நாளில் அவளை யாரும் இப்படித் திட்டியதில்லை. திட்டு இன்னும் நீண்டது. பெரியவள் அசையாமல் வாங்கிக்கொண்டாள். தங்கை அழுது ஓய்ந்து சுவரைப் பார்த்தாள். வெயில் அங்கே ஒரு கை அகலம்தான் மீதி இருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு டம்ளரை அக்கா பக்கம் தள்ளினாள்.

"உக்காந்து குடி. பொழுது சாயப்போகுது."

பெரியவள் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தாள்.

"என்னடி, இவ்வளவு இனிப்பு?"

"அப்பாவுக்கு மூணு கரண்டி. கைப்பழக்கம்."

ஆறு வருடமாக வீட்டில் அவருக்குச் சர்க்கரையில்லாத டீதான் கொடுத்துக்கொண்டிருந்தாள் பெரியவள். டம்ளரைக் கடைசிச் சொட்டுவரை வாயில் கவிழ்த்தாள்.