அவர் மிச்சம் வைத்த கஞ்சி

என் கணவர் உதயசூரியன் செத்து நாலு வருஷம் ஆகிறது. முப்பத்திரண்டு வயது, ஒரு தலைவலி மாத்திரைகூடப் போடாத ஆள். கொரோனா இரண்டாம் அலையில் ஒன்பதே நாளில் போய்ச் சேர்ந்தார். அதே வாரம் அவர் தம்பி அருள்மணி ஆக்சிஜனில் கிடந்து பிழைத்து வந்தான். எனக்கு இரண்டு நாள் தொண்டை வலி. மாமியாருக்கு அதுவும் இல்லை.

கணவர் சாப்பிட்ட தட்டிலேயே நான் சாப்பிட வேண்டும் என்பது மாமியார் போட்ட சட்டம். காய்ச்சல் நாட்களிலும் அதை மாற்றத் தோன்றவில்லை. அவர் மிச்சம் வைத்த கஞ்சியைத்தான் குடித்தேன். பதினாறாம் நாள் காரியத்தில், சொந்தக்காரர்கள் நடுவே, மாமியார் அதையே எடுத்து என் தலையில் போட்டார்.

"அவன் எச்சிலைக் குடிச்ச சுகுணா குத்துக்கல்லாட்டம் இருக்கா. அப்ப இவகிட்டேருந்துதானே அவனுக்குப் போயிருக்கு? ஜவுளிக்கடை வேலைக்குப் போயி வாங்கியாந்து எம்புள்ளையக் கொன்னுட்டா."

யாரும் மறுக்கவில்லை. நாத்தனார் அருணா அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்தினாள். முதல் வருஷம் அழுதேன். இரண்டாம் வருஷம் சண்டை போட்டேன். அப்புறம் மரத்துப்போனது. திருக்கோகர்ணத்தில் அதே வீட்டில், அதே மாமியாருக்குச் சமைத்துவைத்துவிட்டுக் கடைக்குப் போய் வந்தேன்.

ஒரே வீட்டில் இரண்டு இளவயது ஆண்களுக்கு நோய் ஏன் முற்றியது என்று ஆராய்கிறவர்கள் போன வருஷம் வந்தார்கள். துபாயிலிருந்து லீவில் வந்திருந்த அருள்மணியிடமும் மாமியாரிடமும் ரத்தம் எடுத்துப் போனார்கள். முடிவை வாங்கிவர, இருவரும் கையெழுத்துப் போட்டு என்னைத்தான் திருச்சிக்கு அனுப்பினார்கள். அலைவதற்கென்று வீட்டில் நான் ஒருத்தி இருக்கிறேனே.

டாக்டர் ராஜலட்சுமி படம் போட்டு விளக்கினார். கிருமி நுழைந்ததும் உடம்பை உசுப்பிவிடும் மரபணு ஒன்று உண்டாம். அருள்மணிக்கு அது பழுது. மாமியாருக்கு இருக்கும் இரண்டில் ஒன்று பழுது.

"உங்க வீட்டுக்காரர் ரத்தம் நம்மகிட்ட இல்ல. ஆனா அவருக்கும் இருந்திருக்கும்னுதான் தோணுது. இது அம்மாகிட்டேருந்து வர்றதும்மா. பொம்பளைங்களுக்கு இதே மரபணு நல்லதா இன்னொண்ணு இருக்கும், தப்பிச்சுக்குவாங்க."

"எம்பையன் அஜித்துக்கு?"

"அப்பாகிட்டேருந்து பையனுக்கு இது போகாது. உங்க நாத்தனாருக்கு ஆம்பளைப் பிள்ளைங்க இருக்கா?"

இரண்டு பேர் என்றேன். டெஸ்ட் எடுத்துத் தெரிந்துகொண்டால், காய்ச்சல் வந்த அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்துக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்.

"வீட்டுக்குள்ள கிருமியைக் கொண்டாந்தது யாருன்னு தெரியுமா டாக்டர்?"

"அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா."

பஸ்ஸில் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நாலு வருஷப் பேச்சைத் திருப்பிக் கொடுக்கக் கையில் ஆதாரம் கிடைத்திருக்கிறது. சந்தோஷப்பட வேண்டும். ஒன்றுமே தோன்றவில்லை. கீரனூர் வந்தது, போனது.

நான் சொன்னால் அருணா கேட்க மாட்டாள். அவள் அம்மா சொன்னால்தான் பிள்ளைகளைக் கூட்டிப்போவாள். அதனால் வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் முழுவதையும் சொன்னேன்.

"எங்க ரத்தத்துல ஒரு கொறையும் கெடையாது" என்றார்.

"ஒங்க தம்பிக ரெண்டு பேரும் கல்யாணத்துக்கு முன்னாடியே சளிக்காய்ச்சல்ல போனாங்கன்னு நீங்கதானே அத்தை சொல்வீங்க?"

உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே கீழே வைத்தார்.

"அப்ப நாந்தான் எம்புள்ளையக் கொன்னேனா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாரும் என்னைத் தடுத்திருக்க முடியாது.

"இல்ல அத்தை" என்றேன். "தெரிஞ்சா செஞ்சீங்க?"

எனக்கு இதை யாரும் சொன்னதில்லை.

அவர் போனை எடுத்து அருணாவைக் கூப்பிட்டார். "பயலுகளைக் கூட்டிக்கிட்டு நாளைக்கே திருச்சிக்குப் போ. சுகுணா கூட வருவா." அருணா ஏதோ கத்தினாள். "அவ இல்லடி. எங்கிட்டேருந்துதான் போயிருக்கு."

இந்தச் சொல்லுக்காக எவ்வளவோ ஏங்கியிருக்கிறேன். அழுகை வருமென்று பார்த்தேன், வரவில்லை. தட்டில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை, நகர்த்தி வைத்தேன்.

மாமியார் போனை வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் மிச்சம் வைத்த கஞ்சியை எடுத்துக் குடித்தார்.