இரண்டுமே கசக்கும்

1

என் கை அரிப்புதானே இவள் நெஞ்சுக்குள் இறங்கியிருக்கிறது?

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மருத்துவமனை நாற்காலியில், ஆறு மாதக் குழந்தையை நிமிர்த்திப் பிடித்தபடி நினைத்தது. மூன்று வருடம் கழித்து அதையே இந்தக் கதையின் முதல் வரியாக எழுதிவிட்டு, அடிக்கவும் மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். கதை பிறந்த இடம் அதுதான்.

2

(அன்று மழை பெய்துகொண்டு... இல்லை. வெயில் கொளுத்தியது.)

சளி பிடித்த மூன்றாம் நாள், நுரையீரலின் நுனிக் குழாய்கள் வீங்கி, குழந்தையின் நெஞ்சுக்குள் புறா குமுறுவதுபோல் சத்தம். அன்றிலிருந்து குழந்தைக்குப் புறா என்றே பெயர். மூக்கில் ஆக்சிஜன். மூச்சுக்கு மூச்சு விலாத் தோல் உள்ளே குழிந்தது.

"வீட்ல யாருக்காவது இழுப்பு, அலர்ஜி, தோல் அரிப்பு?" என்று டாக்டர் கேட்டார்.

வெடித்த விரல்களைக் குழந்தையின் போர்வைக்கடியில் மறைத்தாள்.

"இவளுக்கு உண்டு டாக்டர்," என்றார் கணவர். உண்மையைத்தான் சொன்னார்.

"இந்த நோய்க்குப் பொதுவா ஸ்டீராய்டு பெருசா உதவுறதில்ல. அலர்ஜி இருக்கற குடும்பத்துக் குழந்தைங்களுக்கு மட்டும் உதவுமோன்னு ஒரு சந்தேகம். அதத்தான் ஆராய்ச்சி பண்றோம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் தண்ணி. மத்த கவனிப்பெல்லாம் எல்லாருக்கும் ஒண்ணுதான். எந்தப் புட்டியில எதுன்னு எனக்கே தெரியாது."

"உங்களுக்கேவா?"

"தெரிஞ்சா என் கண்ணு பொய் சொல்லும்மா. ஒரு குழந்தைய வச்சு எதையும் சொல்ல முடியாது. நூத்துக்கணக்குல சேர்ந்தாத்தான் பதில் வரும்."

(இவ்வளவு அழகாகவா பேசினார்? அவளுக்கே சந்தேகம். மூன்று வருடத்தில் அவளே மெருகேற்றியிருக்கலாம்.)

கையெழுத்துப் போட்டாள்.

3

முதல் வேளை கொடுத்ததும், கரண்டியில் ஒட்டியிருந்த சொட்டை நக்கினாள். அசல் மருந்து கசக்கும் என்று கேள்விப்பட்டிருந்தாள். கசந்தது, அடிநாக்குவரை. மருந்துதான்! கால் தரையில் பாவவில்லை.

நர்ஸ் பார்த்துவிட்டார்.

"நக்கிப் பாத்தாச்சாக்கும்? எல்லா அம்மாவும் இதத்தான் பண்றீங்க. நேத்து ஒரு அப்பா அரைக் கரண்டியே குடிச்சுட்டு முழிச்சாரு. ரெண்டுமே கசக்கும்மா. வேணும்னே அப்படிச் செஞ்சிருக்காங்க."

அவள் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கோ ஓர் அறையில், முகம் தெரியாத யாரோ வெறும் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் கசக்கட்டும் என்று சேர்த்திருக்கிறார். இப்படி ஒருத்தி நக்கிப் பார்ப்பாள் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. உண்மை தப்பி ஓடிவிடாமலிருக்க, ஒன்றுமில்லாததற்கும் இத்தனை கரிசனம்! கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.*

நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணினார். அறுபத்தெட்டு. மறுநாள் அறுபது. பிறகு ஐம்பத்திரண்டு. ஐந்தாம் நாள் நாற்பது. அன்று புறா ஆக்சிஜன் குழாயைப் பிடுங்கி ஈறால் கடித்தது.

* "அழுதாள்" என்று எழுதி அடித்திருக்கிறாள். அழவில்லை.

4

முடிவு ஒன்று: புட்டியில் மருந்து.

முடிவு இரண்டு: புட்டியில் தண்ணீர், புறா தானாகவே தேறியது.

இரண்டையும் எழுதிப் பார்த்தாள். ஒன்றைவிட மற்றொன்று இனித்துவிடக்கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதினாள்.

5

போன வாரம் ஆராய்ச்சி அலுவலகத்திலிருந்து உறை வந்தது. உள்ளே, புறாவுக்குக் கொடுத்தது எது என்ற பதில். கணவர் அதைக் காகிதக் கட்டின்மேல் வைத்தார்.

"பிரிச்சுடேன். கதைக்கும் முடிவு கெடச்ச மாதிரி ஆச்சு, உனக்கும் மனசு ஆறும். தண்ணியில சரியாயிருந்தா அது வெறும் சளி. உன் மேல பழியில்ல."

"பழின்னு நான் எப்பங்க சொன்னேன்?"

"சொல்லல. மூணு வருஷமா அவளத் தூக்கும்போதெல்லாம் கையுறை போட்டுக்கற."

கூடத்திலிருந்து புறா ஓடிவந்து, மூச்சிரைக்க அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டது. கையுறைகள் மேசையில் கிடந்தன. உறையும் கிடந்தது. வெறும் கையால் குழந்தையைத் தூக்கி, முதுகில் உள்ளங்கையை வைத்தாள். ஓட்டத்தின் இரைப்பு, அவ்வளவுதான். சொரசொரத்த தோலுக்கடியில் மூச்சு ஏறியது, இறங்கியது. ஏறியது. யார் கொடுத்தது இது?

கணவர் உறையை எடுத்து நீட்டினார். நீங்களும் அவர் தோள்வழியே எட்டிப் பார்க்கிறீர்கள், அவளுக்குத் தெரிகிறது.

"வேண்டாங்க," என்றாள் மெதுவாக. மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள்.