நேசபாய் வீட்டு ஓ பாசிட்டிவ்

2020 ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, கொட்டாரத்தில் டெம்போவில் வாழைக்குலை ஏற்றி ஓட்டுகிற செல்வதாஸின் ரத்தம் ஏ பாசிட்டிவிலிருந்து ஓ பாசிட்டிவாக மாறியது. அதே நிமிடத்தில் அவர் மனைவி நேசபாயின் ரத்தம் ஓ-விலிருந்து ஏ-க்கு மாறியது. அந்த வாரம் ஏத்தன் வாழைக்குலையை வாங்க ஆளில்லாமல் சந்தையில் விலை பாதாளத்துக்குப் போயிருந்ததால் ஊரில் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். ரத்தம் மாறிய சங்கதி வெளியே தெரிய இன்னும் இரண்டு நாள் ஆயிற்று.

முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். 1991-இல் கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், செல்வதாஸ் தன் புது லைசென்ஸை எடுத்து மனைவியிடம் காட்டினார். ரத்த வகை ஓ பாசிட்டிவ் என்று அதில் இருந்தது. லேப் டெக்னீசியன் படிப்பு முடித்திருந்த நேசபாய், எனக்கும் அதுதான் என்று சொல்லிவிட்டாள். மனிதருக்கு வந்ததே சந்தோஷம்! "பாத்தியாட்டி, கர்த்தர் ரத்தம் பாத்துல்லா சேத்து வச்சிருக்காரு" என்று மாமியார் வீட்டில் மிச்சமிருந்த விருந்தாளிகளையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னார். உண்மை வேறு. லைசென்ஸ் எடுத்துக்கொடுத்த டிரைவிங் ஸ்கூல்காரர் யாருடைய விரலையும் குத்திப் பார்த்தவர் இல்லை. வந்தவர் அத்தனை பேருக்கும் ஓ பாசிட்டிவ் என்று எழுதித் தள்ளினார். அவரிடம் வண்டி பழகிய இந்து, கிறிஸ்தவர், அய்யாவழிக்காரர் எல்லாருக்கும் அன்று ஒரே ரத்தம்தான்.

அடுத்த மாதம் நேசபாய் கொட்டாரத்தில் அனில்குமாரின் லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். கை பழகுவதற்காகக் கணவனின் விரலைக் குத்தி மூன்று சொட்டு எடுத்தாள். நீல மருந்து விட்ட சொட்டு திரிந்த பாலைப் போலக் கட்டி கட்டியாகத் திரண்டது. ஏ பாசிட்டிவ். வெளியே பெஞ்சில் செல்வதாஸ் விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு, யாரோ ஒருவரிடம் ரத்தப் பொருத்தத்தைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் அவள் ஸ்லைடைக் கழுவி வைத்தாள். எந்த ஆஸ்பத்திரியிலும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தானே ரத்தம் ஏற்றுவார்கள், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்தப் பிறகு இருபத்தொன்பது வருடம் நீண்டது. அதற்குள் ஷைஜா பிறந்து, நர்சிங் படித்து, குவைத்துக்குப் போய்விட்டாள். டெம்போ மூன்று தடவை மாறியது.

கொரோனா வந்தபோது கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியும் வந்தது. ஏ குரூப்காரர்களை அது கடுமையாகப் பிடிக்கிறது, ஓ குரூப்காரர்களை லேசாகத் தொட்டுவிட்டுப் போகிறது என்று. செல்வதாஸுக்குக் கொம்பு முளைத்துவிட்டது. "நமக்கு ஓவாக்கும். வந்தா ஒரு கட்டஞ்சாயா குடிச்சிட்டு அதுவே எறங்கிப் போவும்" என்று மாஸ்கைத் தாடையில் தொங்கவிட்டபடி களியக்காவிளை வரை குலை கொண்டுபோய் வந்தார். நேசபாய் குவைத்துக்குப் போன் போட்டுக் கேட்டாள். "ஆராய்ச்சியில அப்பிடி ஒரு பேச்சு இருக்கும்மா, ஆனா பெரிய வித்தியாசம் ஒண்ணும் கெடையாது. ஓ எண்ணு நம்பி ஆரும் சுத்தாண்டாம், அப்பாவ ஒழுங்கா மாஸ்க் போடச் சொல்லு" என்றாள் ஷைஜா. பெரிய வித்தியாசம் இல்லை என்பது ஊருக்குச் சரி. தன் வீட்டு ஆளுக்கு என்று வரும்போது சின்ன வித்தியாசமும் நெஞ்சில் கல்லாகத்தான் உட்காரும். உண்மையைச் சொன்னால் இந்த மனுஷன் பயத்திலேயே பாதி ஆகிவிடுவார். சொல்லாவிட்டால் இப்படியே சுற்றுவார். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் துணிந்து, "இஞ்ச பாருங்க, ஒங்க லைசென்ஸ்ல போட்டிருக்கது..." என்று ஆரம்பித்தாள்.

"அதாக்கும் எனக்க தைரியம்" என்று அவர் குறுக்கே விழுந்தார். "ஒனக்கு வேற குரூப்பா இருந்திருந்தா, இந்தத் தீனத்த ஒனக்குக் கொண்டுவந்து ஒட்டவச்சிருவனோ எண்ணு பயந்து நான் வீட்ட விட்டே எறங்கியிருக்கமாட்டேன். நீயும் ஓ, நானும் ஓ. வேற என்னட்டி வேணும்?"

அவள் இன்னும் கொஞ்சம் மீன்குழம்பை ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் காய்ச்சல் வந்தது. திங்கட்கிழமை மூக்கில் சாம்பிள் எடுத்தார்கள். செவ்வாய் விடியும்போது மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நேசபாய் கட்டிலில் உட்கார்ந்து அவர் நெற்றியில் கையை வைத்து, பக்கத்து வீட்டில் கொத்தமல்லி கொடுப்பதுபோல, "எனக்குள்ளத நீங்க எடுத்துக்கிடுங்க" என்றாள். ஜெபம் என்று சொல்ல முடியாது, ஆமென்கூடச் சொல்லவில்லை. சூடு ஒன்று அவள் மணிக்கட்டில் ஏறித் தோள் வரை வந்தது. ஐந்து நிமிடத்தில் செல்வதாஸுக்கு வியர்த்துக் கொட்டி, பசிக்கிறது என்றார். அவள் தொழில்காரி அல்லவா, லேபிலிருந்து கொண்டுவந்திருந்த மருந்தை எடுத்து இரண்டு பேர் விரலையும் குத்திப் பார்த்தாள். அவர் சொட்டு நீல மருந்தில் திரளவில்லை. அவளுடையது திரண்டது. மருந்துக்குப்பியின் தேதியைப் பார்த்தாள், சரியாக இருந்தது. அனில்குமாருக்குப் போன் போட்டாள். அவர், "ஸ்லைடு என்ன சொல்லுதோ அத எழுதுங்கக்கா, நாம எழுதுறவங்கதான" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை அவளுக்கும் காய்ச்சல். அவருக்கு ரிப்போர்ட் பாசிட்டிவ் என்று வர, கொரோனா மையமாக்கியிருந்த ஒரு கல்லூரி விடுதிக்கு இரண்டு பேரையும் ஒரே ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். வழியில் நர்ஸ் விவரம் எழுதும்போது, "ரெண்டு பேருக்கும் ஓ" என்றார் செல்வதாஸ். "எனக்கு ஏ" என்றாள் நேசபாய். ஆம்புலன்சில் எழுந்து போக இடமில்லை. அந்த ஓட்டத்திலேயே இருபத்தொன்பது வருடத்தையும் அவள் சொல்லி முடித்தாள், செவ்வாய்க்கிழமைக் காலையையும் சேர்த்து. சுசீந்திரம் தாண்டும்போது அவர், "எனக்க தீனத்த நீ எதுக்குட்டி களவாண்ட?" என்று கேட்டு, மாஸ்க் நனையும்படி அழுதார். நர்ஸ் பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே பார்த்தாள்.

விடுதியில் ஆண்கள் ஒரு கட்டிடம், பெண்கள் எதிர்க் கட்டிடம், நடுவில் முற்றம். வெள்ளிக்கிழமை நேசபாயின் ஆக்சிஜன் தொண்ணூறுக்குக் கீழே போனது, குழாய் மாட்டினார்கள். எதிர்ப்பக்கம் செல்வதாஸ் மூன்று நேரமும் சாப்பிட்டுவிட்டுக் கிண்ணென்று இருந்தார். அப்படி இருப்பது அவருக்குத் தாங்கவில்லை. மாடி வராந்தாவில் நின்று, "எடுத்துக்கடி, நான் விட்டுட்டேன்!" என்று கத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. கொடுப்பவர் கொடுத்தால் மட்டும் போதாது, வாங்குகிறவர் வாங்கவும் வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. "வச்சுக்கிடுங்க, எனக்கு வேண்டாம்" என்று ஜன்னல் வழியே அவள் சொன்னதைப் பக்கத்துக் கட்டில்காரி பூங்கனி எழுந்து நின்று உரக்கச் சொன்னாள். நேசபாயின் குரல் அவ்வளவு தூரம் எட்டவில்லை. சனிக்கிழமை முழுக்க இதே வழக்கு. இரண்டு கட்டிடத்திலும் நோயாளிகள் கட்சி பிரிந்து நியாயம் பேசினார்கள். டாக்டர், சத்தம் போடாதீங்க என்று சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு அவரும் நின்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை செல்வதாஸ் கத்தவில்லை. அந்த நேரம் எல்லாரும் அமைதியாக இருந்ததால் சாதாரணமாகப் பேசியதே கேட்டது. "எட்டி நேசம், சுமட்டுக்காரன் தோள் மாத்துவான் பாத்திருக்கியா? ஒருத்தன் தோள்லயே கெடந்தா ஆளு விழுந்துபோவான். முழுசா வாங்காண்டாம். ஒரு நாள் நீ வச்சுக்க, ஒரு நாள் நான். பேசாம கெடந்து இருவத்தொம்பது வருஷம் ஒத்தைக்குச் சுமந்தியே, போதாதா? நீ இல்லாத வீட்டுக்கு நான் போவமாட்டேன், அத மட்டும் தெரிஞ்சுக்க."

பூங்கனி கேட்டுக்கொண்டே அழுததில், பதிலைச் சொல்ல மறந்துவிட்டாள். சொல்லவும் தேவைப்படவில்லை. நேசபாய் கையை மெத்தைக்கு மேலே மல்லாத்தி வைத்தாள். சூடு தோளிலிருந்து கீழே இறங்கி விரல் வழியாகப் போனது. அவளுக்கு ஆக்சிஜன் தொண்ணூற்றாறு வந்தது. எதிர்க் கட்டிடத்தில் செல்வதாஸ் இருமிக்கொண்டே போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலை அவள் ஓ-வைத் திருப்பி அனுப்பினாள், அவர் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். ஒரு நாள் அவளுக்குக் குழாய், ஒரு நாள் அவருக்கு. டாக்டர் ஒரே சிலிண்டரை இரண்டு கட்டிடத்துக்கும் மாற்றி மாற்றி உருட்டச் சொன்னார். ஒரு ஆளை முறித்துப் போட்டிருக்கக்கூடிய தீனம் இரண்டு பேரையும் நன்றாக இளைக்கவைத்துவிட்டு, பன்னிரண்டாம் நாள் விட்டுப்போனது.

அதன்பிறகு அந்த வீட்டில் இது வழக்கமாகிவிட்டது. யாருக்குத் தலைவலி, யாருக்கு மனசு சரியில்லை என்று பார்த்து, அன்றைக்கு ஓ அவரிடம் போகும். தலைவலிக்கும் ரத்த வகைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று ஷைஜா குவைத்திலிருந்து பல தடவை சொல்லிவிட்டாள். எங்களுக்குத் தெரியும் மக்கா, கெடக்கட்டும் என்பார்கள். அனில்குமார் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கார்டு அடித்துக் கொடுத்திருக்கிறார்.

போன மாதம் ஒரு மத்தியானம், பிரசவத்துக்கு ஓ பாசிட்டிவ் அவசரமாக வேண்டும் என்று சபை வாலிபர் சங்கத்து ஆபேல் போன் பண்ணினான். ரத்தம் கொடுக்க ஆள் சேர்ப்பது அவன் பொறுப்பு. "சித்தி, இன்னைக்கு ஓ ஆருகிட்ட இருக்கு?" என்று கேட்டான்.

நேசபாய் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஒனக்க சித்தப்பாகிட்ட இருக்கு மக்கா. காலையில மொகம் ஒரு மாதிரி வாடிப்போய் இருந்துது, அதான் குடுத்தேன். சோறு தின்னுகிட்டு இருக்காரு, தின்னு முடிச்ச ஒடனே அனுப்புதேன்" என்றாள்.