மூன்று பூச்சு நீலம்

அக்காவுக்கு வாழ்த்து அட்டை செய்வதில் நல்ல கைத்திறன். வாய்தான் சும்மா இருக்காது. யாராவது எதையாவது தப்பாகச் சொன்னால், திருத்தாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும்.

நான்கு வருடத்துக்கு முன், ஒரு அட்டையைத் தன் மாமியாரிடம் காட்டி, "நானே பண்ணினது" என்று தங்கை பீற்றிக்கொண்டாள். "எது, அதுவா? அது நான் பண்ணினதுடி" என்று அக்கா எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தாள். அன்றோடு பேச்சு நின்றது. இப்போது தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அதுகூட யாரோ சொல்லித்தான் தெரிந்தது. நேரில் போய் நிற்க முகமில்லை. ஆனால் குழந்தையைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

அட்டை செய்ய உட்கார்ந்தாள். வெளிர்நீல மையை ஸ்பாஞ்சில் தொட்டு வட்டவட்டமாகத் தேய்த்தாள். காய்ந்ததும் மேக வடிவில் ஓட்டை வெட்டிய ஸ்டென்சில் தாளை வைத்து, அதே நீலத்தை மறுபடி ஒற்றினாள். ஸ்டென்சிலைச் சற்று நகர்த்தி மூன்றாம் முறை. மை ஒன்றுதான். ஆனாலும் ஒரு மேகம் முன்னால் வந்தது, ஒன்று பின்னால் போனது. அட்டைக்குள் கையை விட்டுப் பார்க்கலாம் போலிருந்தது. கடைசியாகத் தண்ணீரை விரலில் தொட்டுச் சுண்டி, விழுந்த துளிகளை டிஷ்யூவால் ஒற்றி எடுத்தாள். அந்த இடமெல்லாம் மை வெளுத்து வெளிச்சம் தெரிந்தது.

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவன் கன்னத்தைத் துடைத்தான். "வானத்துக்குத் தெளிக்கிறியா, எனக்கா?"

உள்பக்கம்தான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. மன்னிப்புக் கேட்டு எழுத நாலு தடவை பேனாவை எடுத்தாள், நாலு தடவையும் மூடி வைத்தாள்.

"ஒண்ணும் எழுதாமலா அனுப்பப் போற?"

"கை வரலைங்க."

அப்படியே தபாலில் சேர்த்தாள்.

ஐந்தாம் நாள் போன் வந்தது. மாவுக் கையோடு ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"அக்கா." தங்கைதான். "உன் கை வேலைன்னு பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. உள்ள ஒரு வார்த்தை இல்ல. ஆனா மேல பூரா கண்ணீர் விழுந்து மை கரைஞ்சிருக்கே. அவ்வளவா அழுத?"

கணவன் பேப்பரைத் தாழ்த்தினான். அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். அது கண்ணீர் இல்லைடி, தண்ணி, அப்படித்தான் பண்ணணும் என்பது அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அதை விழுங்கினாள்.

"ஆமாடி," என்றாள். "ரொம்ப அழுதேன்."

சொல்லி வாய் மூடுவதற்குள் அது உண்மையாகியும் விட்டது.