பதினோராம் நாள்

என் படம் பேப்பரில் வந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். அதுவும் வந்திருக்கவே வேண்டாம்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு தை மாதம். மெல்பேர்னில் தீயணைப்புக்காரர் வேலைநிறுத்தம் தொடங்கி மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை. 'மக்கள் என்ன சொல்கிறார்கள்' என்ற தலைப்பின் கீழ் ஐந்து முகங்கள் போட்டிருந்தார்கள். நாலாவது முகம் என்னுடையது. சாப்பாட்டுப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நோபல் பார்க் ரயில் ஸ்ரேசன் வாசலில் நிற்கிறேன். கீழே எழுதியிருந்தது: 'எஸ். சிவபாலன், தொழிற்சாலைப் பணியாளர். எங்கள் நாட்டில் இப்படிச் செய்தால் அன்றைக்கே வேலையை விட்டுத் தூக்கியிருப்பார்கள். இங்கேயும் அதைத்தான் செய்யவேண்டும்.'

நான் சொன்னதுதான். பேப்பர்க்காரன் ஒரு சொல்லைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

களைப்பு என்று ஒரு சாட்டுச் சொல்லலாம். அந்த வருஷங்களில் இந்த ஊரில் ஒரு மாதம் ட்ராம் ஓடாது, அடுத்த மாதம் பெற்றோல் வராது, அதற்கடுத்த மாதம் மின்சாரம் நிற்கும். எட்டு மணித்தியாலம் இயந்திரத்துக்கு முன்னால் நின்றுவிட்டு வருகிற மனிதனுக்கு ஸ்ரைக் என்ற சொல்லைக் கேட்கவே பிடிக்காது. தொழிற்சாலையில், பால் விற்கிற கடையில், இறைச்சிக் கடையில், றேடியோவில், எங்கேயும் அதே பேச்சுத்தான். கோடை உச்சியில், புல்லெல்லாம் காய்ந்து கிடக்கிற நேரத்தில், தீயணைக்கிறவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாமா? பெரிய தீக்கு மட்டும் ஒரு வண்டி போகும் என்று அவர்கள் அறிவித்திருந்தார்கள். எது பெரிய தீ என்று யார் சொல்வது? ஐந்து முகங்களில் நாலு அவர்களுக்கு எதிர். ஆதரவாகப் பேசியது ஒரு மாணவன் மட்டும், அவனுக்கும் தலைமயிர் நீளம்.

இதையெல்லாம் சொல்லலாம். ஆனால் எங்கள் பக்கத்து வீட்டு லெஸ் ஒரு தீயணைப்புக்காரர்.

என் மனைவி பவளம் பேப்பரைக் குசினி மேசையில் விரித்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு என்ன விசரே? பக்கத்தில ஆர் இருக்கினம் எண்டு தெரியாதோ?"

"கேட்டவன், சொன்னனான்."

"கேட்டால் சொல்லிப்போட வேணுமே? தெரியாது எண்டு போட்டு வந்திருக்கலாம்தானே. கரண்ட் இல்லாத நேரம் ஆர் விளக்குக் கொண்டுவந்து தந்தது? கூரைக்கு ஏறி ஓடு மாத்தினது ஆர்? நாளைக்கு எந்த முகத்தோட டோறீனிட்ட எலுமிச்சங்கொப்புக் கேக்கிறது?"

டோறீன் லெஸ்ஸின் மனைவி. மறுநாள் தைப்பொங்கல். இந்த வீட்டை வாங்கியபிறகு வரும் முதல் பொங்கல். மாவிலை இல்லாத ஊரில் அவர்கள் வீட்டு எலுமிச்சைக் கொப்பைத்தான் வாசலில் கட்டுவதாக இருந்தோம்.

அன்று காலை நான் வேலைக்குப் புறப்பட்டபோது லெஸ் முன்வாசலில் பூக்கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். ஐம்பது வயது, எருமைக்கடாமாதிரி உடம்பு. என்னைக் கண்டதும் தலையை ஆட்டினார்.

"படம் நல்லாயிருக்கு, சிவா."

அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத்தான் தமிழில் எழுதுகிறேன். சொல்லிவிட்டுத் திரும்பவும் தண்ணீர் விட்டார். இரண்டு ஏச்சு ஏசியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பேன்.

அப்போது பவளத்துக்கும் தெரியாத ஒரு சங்கதி இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் நான் அரசாங்கக் கந்தோரில் கிளாக்காக இருந்த காலத்தில் நாங்களும் ஒரு ஸ்ரைக் செய்தோம். பத்து நாள் நானும் மற்றவர்களோடு வாசலில் நின்றேன். பதினோராம் நாள் காலை பின்கதவால் உள்ளே போய் வரவு இடாப்பில் கையெழுத்து வைத்தேன். தங்கைக்குக் கலியாணம் பேசியிருந்தது, வேலை போய்விடுமோ என்று பயம். மற்றவர்கள் இன்னும் மூன்று கிழமை நின்று, தோற்றுப்போய் வந்தார்கள். வந்தபிறகு ஒருவரும் என்னோடு தேத்தண்ணி குடிக்கவில்லை. அதற்குப்பிறகு எங்கே ஸ்ரைக் என்றாலும் எனக்கு எரிச்சல்தான். நிற்கிறவர்களைக் காணப் பொறுக்காது.

அன்று பின்னேரம் றேடியோவில் அறிவித்தார்கள். நாளை நாற்பது பாகை வெயில், வடக்குக் காற்று, வெளியில் எங்கும் நெருப்பு மூட்டக்கூடாது. எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் பவளம் இரண்டு வருஷமாக ஃபிளாற்றில் மின்சார அடுப்பில் பொங்கி மனம் நொந்தவள். இந்த முறை மூன்று கல் வைத்து, விறகு வைத்து, சூரியனைப் பார்த்துப் பொங்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மாமா யாழ்ப்பாணத்திலிருந்து பஞ்சாங்கம் பார்த்து நேரம் எழுதி அனுப்பியிருந்தார்: காலை 6.14 முதல் 6.50 வரை. இங்கே விடியக் காலை ஆறு மணிக்கே, குளிர்ச்சியோடு பொங்கி முடித்திருக்கலாம். நான்தான் கெடுத்தேன். அது யாழ்ப்பாணத்து நேரமல்லவா, இங்கே ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு என்று பென்சிலை எடுத்துக் கூட்டிக்காட்டினேன். 11.44 முதல் 12.20 வரை. கிளாக்குப் புத்தி. பவளமும் கணக்குச் சரி என்று ஒத்துக்கொண்டாள்.

"நெருப்பு மூட்டவேண்டாம் எண்டு சொல்லுறாங்களே?" என்று மட்டும் கேட்டாள்.

"அரை மணித்தியாலம்தானே. அவங்கள் ஸ்ரைக்கில நிக்கிறாங்கள், ஆர் வந்து பாக்கப் போறது?" என்றேன். பகிடி என்று நினைத்துத்தான் சொன்னேன்.

ஆகவே சனிக்கிழமை, மெல்பேர்ன் கொதித்துக்கொண்டிருந்த நடுப்பகலில், யாழ்ப்பாணத்தில் சூரியன் எழும்புகிற நேரத்துக்கு நான் பின்வளவில் நெருப்பு மூட்டினேன். காற்றுக்கு மறைப்பாக இருக்கட்டும் என்று கல்லை வேலியோரமாக வைத்தேன். பலகை வேலி, முப்பது வருஷம் காய்ந்தது. அதற்கு அந்தப் பக்கம் பத்தடியில் லெஸ்ஸின் மரவீடு.

பால் சீக்கிரம் பொங்கியது. வழிந்தது. பவளம் கைகூப்பி, "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் அந்த வீட்டில் அதற்குமுன் கண்டதில்லை. வழிந்த பால் விறகில் விழுந்து சீறியது. அதே நேரம் ஒரு காற்று அடித்தது. தணல் துண்டுகள் வேலிக்குக் கீழே, காய்ந்த புல்லுக்குள் போய் விழுந்தன.

நான் காலால் மிதித்தேன். ஒரு இடத்தில் மிதிக்க மூன்று இடத்தில் பிடித்தது. வாளித் தண்ணீரை ஊற்றித் திரும்புவதற்குள் வேலி நின்று எரிந்தது. எங்கள் தண்ணீர்க் குழாய் பாதி வளவுக்குத்தான் வரும்.

"ஃபயர் பிறிகேட்டைக் கூப்பிடுங்கோவன்!" என்று பவளம் அலறினாள்.

எங்கள் வீட்டில் ரெலிபோன் இல்லை. இருந்தாலும் நான் யாரைக் கூப்பிடுவது? முந்தாநாள் ஸ்ரேசன் வாசலில் நின்று வேலையை விட்டுத் தூக்கச் சொன்ன ஆட்களையா? அப்படியும் கத்தினேன். "லெஸ்! லெஸ்!"

முதல்நாள் இரவு முழுக்க தீயணைப்பு நிலைய வாசலில் நின்றுவிட்டு வந்து படுத்திருந்த மனிதன், அரைக்காற்சட்டையும் கயிறு கட்டாத சப்பாத்துமாக ஓடிவந்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. கோடரியால் வேலியை இரண்டு பக்கமும் வெட்டி விழுத்தி, எரிகிற துண்டைத் தனியாக்கினார். டோறீனைச் சுவரை நனைக்கச் சொன்னார். என்னிடம் சாக்கை நனைத்துக் கொண்டுவரச் சொன்னார். நான் கொண்டுபோகக் கொண்டுபோக அவர் அடித்தார். இருபது நிமிஷத்தில் கரியும் புகையும்தான் மிச்சம். அவர் வீட்டுச் சுவரில் பெயின்ற் கொப்பளித்திருந்தது. அவருடைய வலது கையும் கொப்பளித்திருந்தது.

கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"இண்டைக்கு நெருப்புத் தடை, சிவா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

யாழ்ப்பாணத்துச் சூரியனைப் பற்றி விளக்கினேன். என் காதுக்கே பைத்தியக்காரப் பேச்சாகக் கேட்டது. அவர் உச்சியில் நின்ற சூரியனை ஒருக்கால் அண்ணாந்து பார்த்தார்.

"அப்ப உன்ர ஊரில இப்பதான் விடியுது."

"ஓம்."

"நல்லாத்தான் விடிஞ்சிருக்கு," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பவளம் பானையில் மிஞ்சிய பொங்கலைத் தட்டில் கொண்டுவந்து கொடுத்தாள். வலது கை புண் என்றபடியால் இடது கையால் சாப்பிட்டார். பவளம் அதைக் கண்டும் காணாததுபோல் இருந்தாள்.

அன்று நான் தூங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து பேப்பருக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் கிளாக்கு ஆங்கிலத்தில், அழகான கையெழுத்தில். நான் இன்னார், வெள்ளிக்கிழமைப் பேப்பரில் இப்படிச் சொல்லியிருந்தேன், சனிக்கிழமை இப்படி நடந்தது, வேலைநிறுத்தத்தில் நிற்கிற ஒரு மனிதர் தனி ஒருவராக, சட்டையில்லாத வெறும் மேலுடன், என் வீட்டையும் தன் வீட்டையும் காப்பாற்றினார், நான் வெட்கப்படுகிறேன். தண்டம் அடித்தால் அடிக்கட்டும் என்று தடையை மீறியதையும் எழுதினேன். கொண்டுபோய் லெஸ்ஸிடம் காட்டினேன். பரிசு கொண்டுபோகிறவன்மாதிரிப் போனேன்.

அவர் கைக்கட்டோடு கதிரையில் இருந்து இரண்டு தரம் வாசித்தார். பிறகு மடித்து என்னிடம் திருப்பித் தந்தார்.

"போடாதை."

"ஏன்? என்னைப் பற்றி யோசிக்கவேண்டாம்..."

"உன்னைப் பற்றி இல்லை. நாங்கள் ஏன் நிக்கிறம் எண்டு தெரியுமோ உனக்கு?"

சம்பளம் என்றுதான் நினைத்திருந்தேன். நான் மட்டுமல்ல, ரயிலில் வருகிற அத்தனை பேரும்.

"வண்டிக்கு ஐஞ்சு பேர் போறம். இனி நாலு பேர் காணும், ஐஞ்சு தேவையில்லை எண்டு மேலிடத்தில சொல்லுறாங்கள். நீ எழுதினதைப் பார். தனி ஒருத்தர், வெறும் மேலோட. நாளைக்கு அதைத் தூக்கிக் காட்டுவாங்கள், ஒருத்தன் காணுமே எண்டு." அவர் நல்ல கையை விரித்தார். "இது வேலி, சிவா. வேலிக்கு ஒருத்தன் காணும். உள்ளுக்கு ஆள் கிடக்கிற வீடெண்டால், ரெண்டு பேர் உள்ள போகவேணும். ரெண்டு பேர் வெளிய நிக்கவேணும், போனவங்கள் வராட்டில் இழுக்க. ஒருத்தன் தண்ணிப் பம்பில. எண்ணிப் பார்."

எண்ணினேன். நாலு வந்தால் யாரை விடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கடிதத்தைக் கிழித்துவிட்டு இன்னொன்று எழுதினேன். தீயைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஐந்து பேர் கணக்கை எழுதி, நான் அன்று சொன்னது பிழை என்று முடித்துத் தபாலில் போட்டேன். திங்கள் பார்த்தேன், செவ்வாய் பார்த்தேன், வெள்ளி வரைக்கும் பார்த்தேன். வரவில்லை. முதலில் சொன்னது மட்டும் என் பெயரோடு அப்படியே கிடந்தது. தொழிற்சாலையில் ஒருவன் அதை வெட்டி உடுப்பு மாற்றும் அறையில் ஒட்டியிருந்தான். நல்லாச் சொன்னாய் என்று முதுகில் தட்டினார்கள்.

அடுத்த சனிக்கிழமை அவர்களுடைய பதினோராம் நாள். நாட்களை நான்தான் எண்ணிக்கொண்டு வந்தேன், அவர்கள் எண்ணினார்களோ தெரியாது. பவளத்திடம் கொழும்புக் கதையை அன்று காலைதான் சொன்னேன். அவள் உள்ளே போய், மின்சார அடுப்பில் ஒரு சட்டி சர்க்கரைப் பொங்கல் பொங்கி, துணியால் கட்டிக் கையில் தந்தாள்.

"அவையளிட்டப் போயிட்டு வாங்கோ," என்றாள்.

நிலைய வாசலில் பதினைந்து பேர் இருந்தார்கள். தாடி வளர்ந்து, கண் சிவந்து, பேச ஒன்றும் மிச்சமில்லாமல். என்னைக் கண்டதும் ஒருவன் பக்கத்திலிருந்தவனை முழங்கையால் இடித்தான். படம் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. நான் சட்டியோடு நடுவீதியில் நிற்பதுபோல் நின்றேன். லெஸ் தான் இருந்த நீட்டு வாங்கில் கொஞ்சம் தள்ளி இருந்து இடம் விட்டார். இருந்தேன்.

மத்தியானம்வரை ஒருவரும் என்னோடு பேசவில்லை. பொங்கலை மட்டும் சாப்பிட்டார்கள். ஒரு கார் வேகத்தைக் குறைத்தது. உள்ளே என் வயதுக்காரன் ஒருவன், எண்ணெய்க்கறை படிந்த வேலை உடுப்பு, பின்சீற்றில் சாப்பாட்டுப் பெட்டி. கண்ணாடியை இறக்கி, "உங்கள் எல்லாரையும் வேலையை விட்டுத் தூக்கவேணும்!" என்று எங்களைப் பார்த்துக் கத்திவிட்டுப் போனான். மற்றவர்கள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. எனக்கு அவனில் கோபம் வரவில்லை. அவனுக்கும் களைப்பாகத்தான் இருந்திருக்கும்.

பின்னேரம் எழும்பி வெறும் சட்டியைத் துணியால் கட்டினேன். கொழும்பில் நான் வாசலில் நிற்காமல் விட்ட அந்தப் பதினோராம் நாள் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"லெஸ், நாளைக்கும் வரட்டோ?" என்று கேட்டேன்.