தோல்விக்கு ஒத்திகை இல்லை

கண்டத்தின் எல்லாக் கால்பந்து கிளப்புகளையும் ஒன்பது மாதம் ஓடவிட்டு, வடிகட்டி, கடைசியில் இரண்டே இரண்டை மிச்சம் வைத்திருந்தார்கள். ஒன்றின் சட்டை சிவப்பு, மற்றதன் சட்டை பச்சை. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு இறுதிப் போட்டி. அதை யார் ஜெயிப்பார்கள் என்று உலகமே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, அக்காவுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. அவள் கவலையெல்லாம் ஆட்டம் முடிந்த பிறகு வரும் ஒன்பது நிமிஷம்தான்.

பரிசளிப்பு விழாவை நடத்துவது அவள் வேலை. தொலைக்காட்சிக்காரர்கள் அதற்குக் கொடுத்த நேரம் ஒன்பது நிமிஷம். பத்தாவது நிமிஷத்தில் சோப்பு விளம்பரம் வந்துவிடும். அதைக் கடவுளாலும் தள்ளிப்போட முடியாது. அதனாலேயே அரங்கத்தில் அவளை எல்லாரும் "ஒன்பது நிமிஷம் அக்கா" என்றார்கள். நாலு வருஷமாக ஒப்பந்த வேலை. வருஷா வருஷம் "அடுத்த வருஷம் நிரந்தரம்" என்று சொல்லிக்கொண்டிருந்த சம்மேளனத் தலைவர், இந்தத் தடவை ஒரு படி இறங்கி வந்திருந்தார்.

"இது மட்டும் பிசகாம நடந்துச்சுன்னு வெச்சுக்கோம்மா, செவ்வாய்க்கிழமை ஆர்டர் உன் கையில."

வெள்ளிக்கிழமை ஒத்திகை. ஆட்டக்காரர்களுக்கா நேரம் இருக்கிறது? அரங்கத்துச் சலவைக்கூடத்திலிருந்தும் சமையல்கூடத்திலிருந்தும் தலா பதினொரு பேரைக் கூட்டி வந்து, சிவப்பிலும் பச்சையிலும் மேலாடை மாட்டி நிறுத்தியிருந்தாள். கோப்பை வங்கிப் பெட்டகத்தில் இருந்ததால், ஏறக்குறைய அதே எடைக்குச் சுவரில் மாட்டியிருந்த தீயணைக்கும் சிலிண்டரைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். யார் தோற்பது என்று நாணயம் சுண்டிப் பார்த்தார்கள். பச்சை.

சலவைக்கூடத்து அண்ணன்தான் பச்சை கேப்டன். மனுஷன் தோல்வியை உயிரைக் கொடுத்து நடித்தார். தலையைத் தொங்கப்போட்டு, காலை இழுத்து, மேடையோரம் வந்ததும் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

"நிறுத்துங்க!" என்று ஒரு சத்தம். பச்சை கிளப்பின் மேனேஜர். "என் பசங்க தலை குனிஞ்சு போறதைப் பாக்கவா நான் இங்க வந்தேன்?"

"சார், அது உங்க பசங்க இல்ல. துணி துவைக்கிறவங்க" என்றாள் அக்கா.

"சட்டை என்ன கலர்?"

"பச்சை."

"அப்புறம் என்ன?"

சரி என்று மாற்றினாள். இப்போது சிவப்பு தோற்றது. சமையல்கூடத்துக்காரர்கள் தலையைக் குனிந்து நாலடிகூட நடந்திருக்க மாட்டார்கள், சிவப்பு மேனேஜர் மேடைமேலேயே ஏறிவிட்டார். "அபசகுனம் புடிச்ச வேலை பாக்கறீங்க. எவனோ ஒருத்தன் இதைப் படம் புடிச்சுப் போட்டா என் கிளப் மானம் என்ன ஆகும்?" கல்யாணமே ஆகவில்லை, அதற்குள் பிள்ளைக்குப் பெயர் வைக்கச் சண்டை என்பார்களே, அதுபோல நடக்காத ஆட்டத்துக்காக இருவரும் சட்டையைப் பிடித்துக்கொள்ளப் போனார்கள்.

தலைவரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அடுத்த மாதம் சம்மேளனத் தேர்தல். இரண்டு கிளப்புக்கும் ஓட்டு உண்டு. அவர் இரண்டு மேனேஜர்களின் தோளிலும் ஒவ்வொரு கையைப் போட்டுக்கொண்டு, சாலமோன் ராஜாவே வந்து இறங்கியதுபோலத் தீர்ப்புச் சொன்னார்.

"ரெண்டு பேரும் ஜெயிக்கட்டும்."

"சார்?"

"ஒரு தடவை சிவப்பு ஜெயிக்கிற மாதிரி பாரு. ஒரு தடவை பச்சை ஜெயிக்கிற மாதிரி பாரு. தோக்கற சமாச்சாரமே வேணாம். ஒத்திகையில போய் யாராவது தோப்பாங்களா?"

"அன்னிக்கு யாராவது ஒருத்தர் தோத்துதானே ஆகணும் சார். அவங்களுக்கு யார் வழி காட்டறது?"

"தோத்தவனுக்கு வழி தெரியாமலாம்மா இருக்கும்? நேரா வீட்டுக்குத்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள், நிரந்தரம் ஆகாதவர்கள் தலைவர் சிரிக்கும்போது சிரித்துவிட வேண்டும். பிறகு உட்கார்ந்து, நிகழ்ச்சி நிரலில் இரண்டாவது வரியிலிருந்து ஏழாவது வரி வரைக்கும் கோடு போட்டு அடித்தாள். தோற்ற அணி வரும் பாதை, அவர்களுக்கான பதக்கம், கைகுலுக்கல், இறங்கும் படி எல்லாம் போயிற்று. மிச்சமிருந்தது ரொம்ப எளிமையாக, சின்னக் குழந்தைக்கும் புரிகிறமாதிரி இருந்தது. இசை ஆரம்பித்ததும் மேனேஜர் தன் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு நடுப்படி வழியாக மேடைக்கு வர வேண்டும். தலைவர் கோப்பையைக் கொடுக்க வேண்டும். கோப்பை அவர் கையைவிட்டுப் போன அடுத்த நொடி, ஜிகினாத்தாள் பீரங்கி வெடிக்க வேண்டும்.

"எவன்கிட்ட குடுக்கறது?" என்று தலைவர் கேட்டார். அவருக்குப் பந்தாட்டத்தில் தெரிந்ததெல்லாம் பந்து உருண்டை என்பது மட்டும்தான்.

"உங்க முன்னாடி வர்ற கேப்டன்கிட்ட குடுத்துடுங்க சார்" என்றாள் அக்கா. "குடுத்துட்டு இடது பக்கக் கேமராவைப் பாத்துச் சிரிங்க."

இரண்டு மேனேஜர்களும் நடுப்படி ஏறுவதை ஐந்தைந்து தடவை பழகினார்கள். சலவைக்கூடத்து அண்ணனுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். "ஜெயிக்கறது எனக்கு சரியா வரலம்மா" என்று சொல்லிவிட்டு சிலிண்டரைத் திரும்பச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், ஆட்டங்கள் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. இருபத்திரண்டு பேர் ஓடினார்கள். லேசாக இடிபட்டவர்கள் வெட்டுப்பட்டதுபோல உருண்டார்கள்; மருந்து தெளித்ததும் மான்குட்டி மாதிரி எழுந்து ஓடினார்கள். கௌரவ மாடத்தில் யார் முன்வரிசை என்பதில் நடந்த சண்டை இதைவிட விறுவிறுப்பாக இருந்ததாகப் பேச்சு. ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக முடிந்து, கூடுதல் நேரமும் தீர்ந்து, அணிக்கு ஐந்து பெனால்டி உதைக்கச் சொன்னார்கள். பச்சை கேப்டன் கடைசிப் பந்தை வானத்துக்கு அனுப்பினான். சிவப்பு ஜெயித்தது.

ஜெயித்தவர்கள் செய்கிற முதல் காரியம் ஓடுவதுதான். சிவப்புக்காரர்கள் சட்டையைக் கழற்றி வீசிவிட்டு, தூரத்து மூலையில் தங்கள் ரசிகர்கள் மேல் போய் விழுந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சிவப்பு மேனேஜர், வயிறு முன்னே போக, தானும் ஓடினார். தொலைக்காட்சிக்காரர்களின் கடிகாரம் யாருக்காகவும் நிற்கவில்லை. சொன்ன நொடியில் இசை ஆரம்பித்தது.

நடுமைதானத்தில் பச்சைக்காரர்கள் புல்லைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பச்சை மேனேஜர் அழுதுகொண்டிருந்தார். இசை காதில் விழுந்ததும் அழுகையை நிறுத்தாமலே எழுந்தார். மனசு எங்கேயோ இருந்தாலும், ஐந்து தடவை பழகிய படி காலுக்கு நினைவிருந்தது. "எழுந்திருங்கடா, வாங்க" என்று ஆட்களைச் சேர்த்துக்கொண்டு நடுப்படி ஏறினார். எங்கும் தோற்றவர்களுக்குத்தான் முதலில் பதக்கம் கொடுப்பார்கள் என்பதால், அவர்களும் மறுபேச்சுப் பேசாமல் பின்னால் போனார்கள்.

மேடைக்குக் கீழே இசையை இயக்கும் பலகையருகே நின்றிருந்த அக்கா அதைப் பார்த்தாள். கத்தினாள். இசையில் அது யாருக்கும் கேட்கவில்லை.

தலைவர் முன் ஒரு கேப்டன் வந்தான். தலைவர் கோப்பையைக் கொடுத்தார்.

"சார், நாங்க வந்து..."

"வாழ்த்துகள் தம்பி. தூக்கிக் காட்டு!" என்று சொல்லிவிட்டு இடது பக்கக் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

பீரங்கி வெடித்தது. தங்க நிறத் தாள்கள் பெய்தன. பச்சை கேப்டன் கோப்பையைத் தூக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் மடியில் கொடுத்த குழந்தையை வைத்திருப்பதுபோல நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, யாருடையது என்று சுற்றுமுற்றும் பார்த்தான். அறுபதாயிரம் பேர் அதைப் பார்த்தார்கள். பிறகு சிவப்பு ரசிகர்கள் இருந்த மூலையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, வட்டமாக அரங்கம் முழுக்கச் சுற்றி வந்தது.

அக்காவின் காதுக்கருவியில் தொலைக்காட்சி இயக்குநரின் குரல். "ஒரு செகண்ட் பிசகல மேடம்! அருமை! அப்படியே ஓட்டுங்க, இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு!" ஓட்டிவிடலாம். சிவப்புக்காரர்கள் எப்படியும் வருவார்கள், இடித்துப் பிடித்துக் கோப்பையைப் பிடுங்கிக்கொள்வார்கள், சோப்பு விளம்பரம் வந்து எல்லாவற்றையும் கழுவிவிடும். ஆர்டர் செவ்வாய்க்கிழமை கைக்கு வரும்.

மேடையில் அந்தப் பையன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். அவன் தலைமேல் ஒரு தங்கத்தாள் ஒட்டியிருந்தது.

அக்கா இசையை நிறுத்தினாள். மேடை ஏறிப்போய், "குடுங்க தம்பி" என்றாள்.

அவன் கொடுத்துவிட்டான். "அக்கா, நாங்க எந்தப் பக்கம் போகணும்? அதை மட்டும் சொல்லுங்க."

அவள் மைக்கை எடுத்தாள். "மன்னிக்கணும். கப்பு கை மாறிப் போயிடுச்சு. தோத்த அணி இப்படி நில்லுங்க. உங்க பதக்கம் வருது."

"தோத்தன்னு சொல்லாதே!" என்று தலைவர் சிரித்த முகத்தோடு பல்லைக் கடித்தார்.

"வேற என்ன சொல்றது சார்?"

ஒத்திகையில் இல்லாத பெட்டியை யார் தூக்கி வருவார்கள்? பதக்கப் பெட்டி கிடங்கில் பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார். எல்லாம் முடிய முப்பத்தோரு நிமிஷம் ஆயிற்று. அதற்குள் சோப்பு மூன்று தடவை வந்து போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை தலைவர் கூப்பிட்டார். வெளியே பெஞ்சில் பச்சை மேனேஜர் உட்கார்ந்திருந்தார். உள்ளே மேசைமேல் இரண்டு தாள்கள். மேலே இருந்தது அவள் கையெழுத்துப் போட வேண்டிய அறிக்கை: தோற்ற அணியின் பாதை வெள்ளிக்கிழமை முறையாக ஒத்திகை பார்க்கப்பட்டது, பச்சை மேனேஜர் அதை மறந்துவிட்டார். கீழே இருந்தது நிரந்தர ஆர்டர். முத்திரைகூடக் குத்தியிருந்தது. அவள் பெயரைத் தப்பில்லாமல் அடித்திருந்தார்கள். நாலு வருஷத்தில் அது முதல் தடவை.

"கையெழுத்து போட்டுட்டு அடியில இருக்கறதை எடுத்துக்கோம்மா."

அக்கா இரண்டையும் படித்தாள். கீழ்த்தாளை இரண்டு தடவை படித்தாள். பிறகு மேல்தாளில் "முறையாக ஒத்திகை பார்க்கப்பட்டது" என்பதிலிருந்து கடைசி வரைக்கும் அடித்து, "ஒத்திகை பார்க்கப்படவில்லை" என்று எழுதினாள்.

"அப்போ தப்பு யாருது?"

"என்னோடதும் இருக்கு சார். முன்னாடி வர்ற கேப்டன்கிட்ட குடுங்கன்னு சொன்னது நான்தான்."

"அப்படின்னா உன் பேரையே எழுதிடலாமா?"

"தாராளமா எழுதுங்க. உங்க பேருக்குக் கீழ."

தலைவர் கீழ்த்தாளை மெதுவாக உருவி, மடித்து, இழுப்பறையில் போட்டார். "ஒப்பந்தம் முப்பதாம் தேதி வரைக்கும் இருக்கில்ல?" என்றார்.

"இருக்கு சார்."

"அதுவரைக்கும் வந்து போ."

வெளியே பச்சை மேனேஜர் எழுந்து நின்றார். "பழி என் மேலதானே மேடம்?"

"இல்லைங்க."

"அப்போ யார் மேல?"

"அதைத்தான் உள்ள தேடிட்டிருக்காங்க."

அவர் முகம் மலர்ந்தது. போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். தங்கத்தாள் மழையில் அவருடைய கேப்டன் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த எல்லாரையும் வெட்டி எடுத்திருந்தார்கள். "கிளப் ஆபீஸ்ல பெருசா மாட்டறோம் மேடம். என்ன இருந்தாலும் அம்பது செகண்ட் எங்க கையில இருந்துச்சில்ல?" என்றவர், அப்போதுதான் நினைவு வந்தவராக, "உங்க ஆர்டர் என்ன ஆச்சு?" என்றார்.

அக்கா இல்லை என்று தலையை ஆட்டினாள்.

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "பரவால்ல மேடம், அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார்.

"அடுத்த தடவை நான் இருக்க மாட்டேங்க" என்று சொல்லிவிட்டு அக்கா மாடிப்படியில் இறங்கினாள்.