சம்பந்தி வீடு வரை ஒரு பாய்

மலையுச்சியில் இருக்கும் நம் ஊருக்கு ஏறி வரும் சாலை தாரால் போட்டதல்ல, கோரைப் பாய். கொண்டை ஊசி வளைவுகளில்கூட மடிப்பு விழாமல் திரும்பும் அந்தப் பாய், அடிவாரத்து டயர்க்கடை வாசலில் தொடங்கி மேலே கைவினைப் பாதுகாப்பு நிலையத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் முடிகிறது என்று கீழூர்க்காரர்கள் சொல்வார்கள். அது தவறு. பெட்டிக்குள் தொடங்கி டயர்க்கடையில் முடிந்தது. பாய்க்காரர் குடும்பத்தின் பெயருக்கு இதனால் எந்த இழுக்கும் வரவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

அந்த வீட்டில் தறி ஓயாத காலமே கிடையாது. வாங்க வருபவர்கள் வாசலில் காத்திருந்துதான் வாங்கிப் போனார்கள். தொடங்கிய பாயை உட்கார்ந்த இடத்திலேயே முடித்துவிட வேண்டும் என்பது அவர்கள் முறை. கடைசிக் கோரையை அடித்து இறுக்கியதும், நெய்தவர் ஓரத்தில் உள்ளங்கையை அழுத்தி "போதும்" என்பார். அதோடு பாய் முடிந்தது. அந்தச் சொல்லை வேறு எதற்கும் செலவழிக்கக் கூடாது என்பதால், சாப்பிடும்போது சோறு நிறைந்துவிட்டால் அந்த வீட்டில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். தட்டைக் கையால் மூடுவார்கள். அந்த வீட்டில் ஒருத்தர்கூட போதும் என்று சொல்லிக் கேட்டதில்லை, அத்தனை பேருக்கும் அப்படியொரு வயிறு என்று வெளியூர் உறவினர்கள் கேலி பேசியதுண்டு. வீட்டுத் தலைவரான பெரியவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டில் பிறந்தவர்கள் மட்டுமே தறியில் உட்காரலாம் என்பதிலும் அவர் விட்டுக்கொடுத்ததில்லை.

அவர் மகனைக் கட்டி வந்த மருமகள் கீழூர் டயர்க்கடைக்காரரின் மகள். அவள் தகப்பனாரின் கைகளில் எந்தச் சோப்புக்கும் போகாத கிரீஸ் ஏறியிருந்தது. கல்யாணத்தன்று எல்லோரும் புதுப் பாயில் உட்கார்ந்தபோது, அவருக்கு மட்டும் ஓர் இரும்பு நாற்காலி போட்டார்கள். மரியாதைக்காகப் போட்டது என்பது குடும்பத்தின் சொல். அத்தனை பேர் தலைக்கு மேலே, பரீட்சைக்குக் காவல் வந்த வாத்தியாரைப்போல அன்று முழுவதும் தனியாக உட்கார்ந்திருந்த மனிதர், அதற்குப் பிறகு மலை ஏறவில்லை. மருமகளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சமையலறைக் கதவோரம் நின்று, பெரியவரின் கை போகும் வழியைப் பார்த்தபடியே சில வருடங்களைக் கழித்தாள்.

பாதுகாப்பு நிலையம் வந்ததும், பாய் எப்படி உருவாகிறது என்று பார்வையாளர்களுக்குத் தெரிய வேண்டும், அதனால் பாதி நெய்த பாய் ஒன்றைத் தறியோடு கண்ணாடிக்குள் வைக்க வேண்டும் என்றார் அதன் இயக்குநர் அம்மாள். திறப்பு நாளில் பெரியவர்தான் தறியில் உட்கார்ந்தார். படம் எடுப்பவன் இரண்டு முறை கேமராவைத் தாழ்த்தினான்.

"ஐயா, கோர்ட்டுல சாட்சி சொல்ற மாதிரி இருக்கீங்க. அந்த அக்கா ஒரு நிமிஷம் உக்காரட்டும். சும்மா போட்டோவுக்குத்தான்."

அவன் கை நீட்டியது மருமகளை. கூட்டத்தின் நடுவில் மாட்டேன் என்று சொல்ல முடியாமல் பெரியவர் எழுந்தார். தொடங்கிய பாயை முடிக்காமல் எழக் கூடாது என்பதால், தான் போட்ட நாலு கோரையையும் உருவி எடுத்துக்கொண்டார். தறியில் நீளவாக்கில் கட்டிய வெறும் பாவு நூலின் முன்னால் மருமகள் உட்கார்ந்தாள். கோரையைக் குச்சியில் கோத்து அந்தப் பக்கம் தள்ளினாள், கோரையை இறுக்கும் அச்சுக் கட்டையை இழுத்து அடித்தாள், மறுபடி தள்ளினாள். பாதித் தறி நிறைந்தபோதுதான் தலை நிமிர்ந்தாள். ஓரம் கத்தியால் கீறியது போல நேராக இருந்தது. இயக்குநர் அம்மாள் கைதட்டி, அப்படியே இருக்கட்டும் என்று கண்ணாடியைச் சாத்தினார்.

"ஏங்க, அவ எழுந்துட்டா. அந்த வார்த்தையைச் சொல்லச் சொல்லுங்க," என்று பெரியவரின் மனைவி அவர் காதில் சொன்னாள்.

"எதுக்கு? அவ என்ன நெய்ஞ்சா? போட்டோவுக்குக் கையை ஆட்டினா."

மறுநாள் காலை நிலையத்தைத் திறந்த காவலாளி, சாவிக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு, அதை எடுக்காமலே ஓடி வந்தான். பாய் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்து படியிறங்கிக்கொண்டிருந்தது. தறியில் ஆள் இல்லை. கிடங்கிலிருந்த கோரை ஒவ்வொன்றாக எழுந்து வந்து பாவுக்குள் புகுந்தது, அச்சு தானே இறங்கி அடித்தது. ஊர் திரண்டு வந்து பார்த்தது. கோரை தீர்ந்ததும், வழியோரப் புல் நின்றபடியே காய்ந்து உள்ளே போயிற்று. பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார், ஓரத்தில் உள்ளங்கையை அழுத்தினார், கணீரென்று "போதும்" என்றார். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலப் பாய் ஒரு கணம் நின்றது. பிறகு கூப்பிட்டது தன்னை அல்ல என்று தெரிந்ததும், அவர் கையின் மேலேயே நெய்துகொண்டு போயிற்று. மகன் முழங்கையைப் பிடித்து இழுத்ததில் கை வந்தது, மோதிரம் வரவில்லை. அது இன்றும் பாய்க்குள்தான் இருக்கிறது.

தெருவுக்கு வந்ததும் பாய் சாலை அகலத்துக்கு விரிந்தது. நின்ற பொருளை அது விட்டுவைக்கவில்லை. பால் வண்டியை மூடியது. உள்ளே இருந்த பால்காரரை அரிவாளால் கிழித்து வெளியே எடுத்தார்கள். அவர் வெளியே வந்த மறுநிமிடம் கிழிசல் மூடிக்கொண்டது, முன்பைவிடத் தடிப்பாக. பால்காரருக்கு அந்த வாரம் முழுவதும் பேச்சு வரவில்லை. முதல் வளைவில் ஊருக்கே தண்ணீர் தரும் சுனை இருந்தது. பாய் அதன் மேல் மேளத்தோல் போல இழுத்துக் கட்டிக்கொண்டு, அதற்கு அப்பால் மலையிறங்கத் தொடங்கியது. அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. குடத்தில் ஒரு சொட்டு விழவில்லை.

காலிக் குடங்களோடு ஊர் பாய்க்காரர் வாசலுக்கு வந்தது. டீக்கடைக்காரர்தான் பேசினார்.

"ஐயா, தொண்டை காஞ்சு போய் நிக்கிறோம். உங்க மருமகளை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க."

"அவளுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

"சம்பந்தம் இல்லாமலா அது சம்பந்தி ஊர்ப் பக்கமா போகுது?"

உள்ளே மகன் மனைவியிடம் கெஞ்சிப் பார்த்தான். "நான்தான் நெய்யவே இல்லையே. மாமாவே சொல்லிட்டாரே," என்று அவள் அரிசி களையப் போய்விட்டாள். வீட்டிலிருந்த கடைசித் தண்ணீர் அது.

அன்று மதியம் பெரியவர் செய்த காரியத்தை ஜன்னல் வழியாக ஊரே பார்த்தது. பிறந்தது முதல் ஒருவருக்கும் பரிமாறியிராத அந்தக் கை, கரண்டியை எடுத்தது. மருமகளைத் தட்டின் முன்னால் உட்காரச் சொன்னார், சோறு போட்டார். மறுபடி போட்டார். கேட்காமலே அந்த ஒரு சொல்லை அவள் வாயிலிருந்து வரவழைத்துவிடலாம் என்பது அவர் கணக்கு என்று மாமியாருக்குப் புரிந்தது, ஊருக்கும் புரிந்தது. மருமகள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். தட்டை மூடவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை. சோறு குவிந்து, சரிந்து, தரையில் விழுந்தது. கரண்டி பானையின் அடியைச் சுரண்டியது.

"எதை நிறுத்தச் சொல்லணும் மாமா?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள். "நீங்க போடுறதையா, நான் நெய்ஞ்சதையா?"

பெரியவரின் முதுகு வளைந்ததில்லை, அப்போதும் வளையவில்லை. வெளியே ஒரு குடம் கை நழுவி உருண்டது.

"நீ நெய்ஞ்சதை," என்றார்.

பால் வண்டி மூடப்பட்டபோதுகூட ஊர் அவ்வளவு திகைக்கவில்லை.

மருமகள் எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலிறங்கினாள். பாயின் முனை அதற்குள் பாதி மலையைத் தாண்டியிருந்தது. அவள் பாய் மேலேயே நடந்தாள், குடும்பமும் ஊரும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தன. அவள் வேகத்தைக் கூட்டினால் முனையைப் பிடித்துவிடலாம் போலிருந்தது, அவள் கூட்டவில்லை. இங்கேயே சொல்லிவிடேன் என்றான் கணவன். "ஓரத்துல உக்காந்துதான் சொல்லணும். நடுவுல நின்னு சொன்னா கேக்காது," என்றாள். அதுதான் குடும்பத்து முறை என்பதால் யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை.

டயர்க்கடைக்காரர் ஒரு லாரிச் சக்கரத்தின் முன்னால் முழங்காலிட்டிருந்தார். பாய் அவர் வாசல் வரை வந்து, பூனை உரசுவது போல அவர் பாதத்தை உரசிக்கொண்டு நின்றது. அவர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம்மா. கையெல்லாம் கிரீஸ். கறை படும்."

"உக்காருங்கப்பா."

அவர் மகளைப் பார்க்கவில்லை, சம்பந்தியைப் பார்த்தார். பெரியவர் வெறுங்காலோடு அத்தனை தூரம் இறங்கி வந்திருந்தார். சோற்றுக் கரண்டி இன்னும் அவர் கையிலேயே இருந்ததை அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள்.

"உக்காருங்க சம்பந்தி," என்றார். "பாய் எதுக்கு இருக்கு?"

டயர்க்கடைக்காரர் இரண்டு கைகளையும் ஊன்றி உட்கார்ந்தார். மருமகள் ஓரத்தில் உள்ளங்கையை அழுத்தி "போதும்" என்றாள். மேலே நிலையத்தில் அச்சு நின்றுவிட்டதைக் காவலாளி கேட்டான். சுனையின் மேலிருந்த பாய் தளர்ந்தது; நெசவின் இடுக்குகள் வழியே தண்ணீர் ஊறி மேலே வந்தது. அன்று முதல் நம் ஊரில் தண்ணீரை யாரும் வடிகட்டுவதில்லை.

சாலைப் பொறியாளர் ஒருவர் வந்து, குனிந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனார். பேருந்து டயர்க்கடையோடு நின்றுவிடுகிறது. ஏறி வருபவர்கள் செருப்பை அங்கேயே கழற்றிவிடுகிறார்கள். மழையில் பாய் மக்குவதில்லை. அதில் நடந்தால் கால் வலிப்பதில்லை. மருமகள் தினமும் தறியில் உட்காருகிறாள். கீழ் ஓரத்தில் இரண்டு உள்ளங்கை அளவுக்குக் கருப்பாக ஏதோ படிந்திருக்கிறது. மருந்து வைத்து அந்தக் கறையை எடுத்துவிடலாம் என்று இயக்குநர் அம்மாள் ஆள் அனுப்பினார். பெரியவர் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். அது கறை இல்லை, கரை என்றார். அந்த வீட்டுப் பாய்களெல்லாம் இப்போது கருப்புக் கரையோடுதான் வருகின்றன. விலையும் கொஞ்சம் கூடுதல்.

டயர்க்கடைக்காரர் அவ்வப்போது வெறுங்காலோடு ஏறி வந்து சம்பந்தி வீட்டில் சாப்பிடுகிறார். பாயில்தான் உட்காருகிறார். சோறு நிறைந்ததும் வாயைத் திறக்காமல், கருத்த உள்ளங்கையால் தட்டை மூடிக்கொள்கிறார்.